ஊசி காத்திருந்தது, ஊர் காத்திருந்தது

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். ரப்பர் மூடியில் ஊசி இறங்கிவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பத்தையும் போட்டு முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். 2021-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களை வாட்டியது இந்தக் கணக்குதான். காலையில் மூன்று பேர் வருவார்கள். குப்பியைத் திறப்பதா, இன்னும் ஏழு பேர் சேரட்டும் என்று அவர்களைப் பெஞ்சில் உட்கார வைப்பதா? உட்கார வைத்தால் அந்த மூன்று பேரில் ஒருவர் மனம் மாறி எழுந்து போய்விடக்கூடும். திறந்தால் ஏழு பேரின் மருந்து வீண்.

அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் ஒன்றிய சுகாதாரத் துறை ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி தமிழ்நாட்டில் தடுப்பூசி வீணாகும் விகிதம் 15.5 சதவீதம். ஜூலையில் நாடாளுமன்றத்தில் இன்னொரு கணக்கு வந்தது. மே 1 முதல் ஜூலை 13 வரை தனக்குக் கிடைத்த மருந்தைக் கொண்டு, எதிர்பார்த்ததைவிட 5.88 லட்சம் டோஸ் கூடுதலாகப் போட்டு, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. குப்பியில் பத்துப் பேருக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே நிரப்பி அனுப்புவார்கள். சொட்டு சிந்தாமல் உறிஞ்சி எடுக்கத் தெரிந்த கைக்குப் பதினோராவது ஆளுக்கும் மருந்து கிடைக்கும்.

ஏப்ரலிலும் ஜூலையிலும் ஊசி போட்டவர்கள் அதே செவிலியர்கள்தான். அவர்களுக்கு எதிரே வந்து நின்ற கூட்டம்தான் மாறியிருந்தது. ஊசி என்றாலே ஒதுங்கிப்போன ஊர்கள், விடியுமுன் டோக்கனுக்கு வரிசையில் நிற்கும் ஊர்களாக மாறியது எப்படி என்பதை இன்று திரும்பிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. அடுத்த தடுப்பூசி வாசலுக்கு வந்துவிட்டது. இந்த முறை அது பெண் குழந்தைகளுக்கானது.

முதலில் தயங்கியவர்கள்

தடுப்பூசித் தயக்கம் என்றதும் வாட்ஸ்அப் வதந்தி, படிப்பறிவில்லாத கிராமம் என்று ஒரு படம் நம் மனதில் வந்துவிடுகிறது. 2021 ஜனவரியில் நடந்தது வேறு. முதலில் தயங்கி நின்றவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும்.

ஜனவரி 3-ம் தேதி கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் அவசரகாலப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டுக்கு வெளிநாட்டு ஆய்வு முடிவுகள் கையில் இருந்தன. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு பேரைக் காக்கும் என்ற விடை இன்னும் வரவில்லை. அதனால் 'பரிசோதனை முறையில்' என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். போட்டுக்கொள்பவர் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஜனவரி 16-ம் தேதி நாடு முழுக்கத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தார். முதல் தவணையாக மாநிலத்துக்கு வந்தது 5,36,500 டோஸ் கோவிஷீல்டும் 20,000 டோஸ் கோவாக்சினும். அதே நாளில் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், தங்களுக்குக் கோவாக்சின் வேண்டாம், கோவிஷீல்டு கொடுங்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். இங்கே கடிதம் எழுதாமலே பலர் தள்ளிப்போட்டார்கள். முதல் நாள்களில் வந்தவர்கள் இலக்கில் சிறு பகுதிதான்.

"மூன்றாம் கட்ட முடிவு எங்கே?" என்று ஒரு மருத்துவர் கேட்பது மூடநம்பிக்கை ஆகாது. அவர் படித்த படிப்பு கேட்கச் சொல்லும் கேள்வி அது. அதற்குத் தர வேண்டிய பதில் தரவு. கிடைத்ததோ உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமையும், சந்தேகிப்பவர்கள் மீதான கோபமும். மார்ச் 3-ம் தேதி இடைக்கால முடிவு வந்தது: 81 சதவீதப் பாதுகாப்பு. ஜூலையில் இறுதிக் கணக்கு 77.8 சதவீதம் என்றது. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சொல்லும் காகிதம் வருவதற்கு முன்பே நம்பச் சொன்னதில் இழந்த இரண்டு மாதம் சாதாரணமானதல்ல. இடையில், தானும் மருத்துவரான அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் ஜனவரி 22-ம் தேதி சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் கோவாக்சினே போட்டுக்கொண்டார். அது உதவியது. ஆனாலும் ஓர் அமைச்சரின் கையால் அத்தனை ஊரையும் சமாதானப்படுத்த முடியாது.

ஏனென்றால் கிராமத்தில் ஜனங்கள் பார்ப்பது தங்கள் கிராம சுகாதார செவிலியரைத்தான். "நீங்க போட்டுக்கிட்டீங்களா சிஸ்டர்?" அதுதான் முதல் கேள்வி. "இன்னும் இல்லைம்மா" என்று அவர் சொல்லிவிட்டால் அந்தத் தெருவுக்கு அன்று வேறு விளக்கம் தேவையில்லை.

ஏப்ரல் 17

மார்ச் 1-ல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், ஏப்ரல் 1-ல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் கதவு திறந்தது. பிரதமர் தில்லி எய்ம்ஸில் புதுச்சேரிச் செவிலியர் ஒருவர் கையால் கோவாக்சின் போட்டுக்கொண்ட படத்தை எல்லோரும் பார்த்தார்கள். தயக்கம் மெல்ல இளகிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் கோவாக்சின் போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனை எல்லோரும் எளிதில் வரக்கூடிய இடம், பயப்படாமல் வாருங்கள் என்று மக்களிடம் சொல்லத்தான் அங்கே போனார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்றார்கள் மருத்துவர்கள். ஒரே நாளில் அப்படி அடைப்பு உருவாகாது, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் சுகாதாரத் துறைச் செயலர் ராதாகிருஷ்ணன். அக்டோபரில் ஒன்றிய அரசின் நிபுணர் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது.

ஆனால் அக்டோபர் வர ஆறு மாதம் இருந்தது. ஏப்ரலில் தமிழ்நாட்டின் டீக்கடைகளில் பேசப்பட்டது ஒன்றே ஒன்று: விவேக்குக்கே இப்படி என்றால் நம் கதி என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முன்னால் நடந்ததைப் பின்னால் நடந்ததற்குக் காரணமாக்குவது மனித மனத்தின் இயல்பு. தினமும் லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும் நாட்டில், அவர்களில் சிலர் மறுநாள் மாரடைப்பால் இறக்கத்தான் செய்வார்கள். ஊசி இல்லாவிட்டாலும் அன்று இறந்திருப்பார்கள். இதைப் புள்ளிவிவரமாகச் சொல்வது எளிது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டுக்குள் வந்து சிரிக்கவைத்தவர் போய்ச் சேர்ந்த அதிர்ச்சியில் இருப்பவரிடம் சொல்வது எளிதல்ல. விசாரணை அறிக்கை சில வாரங்களில் பொதுவெளிக்கு வந்திருந்தால் எத்தனையோ பேர் அந்த மே மாதத்தைப் பாதுகாப்போடு எதிர்கொண்டிருப்பார்கள்.

பழைய காயங்கள்

இந்த மண்ணில் தடுப்பூசிச் சந்தேகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1948-ல் சென்னை கிண்டியில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பு மருந்து தயாரிப்புக் கூடம் தொடங்கப்பட்டது. 1950-களின் நடுவில் அந்த ஊசியை நாடு முழுக்கப் பெருமளவில் போடுவதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியும் எழுதியும் வந்தவர், முதலமைச்சராகவும் கவர்னர் ஜெனரலாகவும் இருந்த ராஜாஜி. பின்னர் 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்து வெளியிட்ட முடிவு மருத்துவ உலகத்தையே உலுக்கியது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. ராஜாஜியின் வாதங்கள் எல்லாம் சரி என்று இதற்குப் பொருளில்லை. சிறு குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பாற்றுகிறது, அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். ஆனால் அரசே முன்னெடுத்த ஒரு தடுப்பூசியை அரசே சோதித்து, எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொன்ன நேர்மை நம்மிடம் இருந்தது. அதைத்தான் 2021 ஜனவரியில் தேட வேண்டியிருந்தது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட சிறிது நேரத்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்கே போய் ஊசி போடும் முறையை மாநிலம் நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மாரை வரச்சொன்னது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் கூலிவேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு பஸ் ஏற வேண்டும். முழுமையாகத் தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விகிதம் 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் 80.9 சதவீதமாக இருந்தது. 2015-16 ஆய்வில் 69.7 ஆக இறங்கியது. அதை மீட்டு 89.2 சதவீதத்துக்குக் கொண்டுவர அடுத்த ஆய்வுவரை ஆனது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போட வந்தபோது, ஊசி போட்டால் குழந்தைக்கு ஆகாது என்ற வாட்ஸ்அப் செய்திகள் முந்திக்கொண்டன. பெற்றோர் பள்ளி வாசலில் திரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டிவந்தது. இவையெல்லாம் மறந்துபோன செய்திகள் என்று அதிகாரிகள் நினைக்கலாம். தாய்மார் மறப்பதில்லை.

பயம் இடம் மாறியது

மே மாதம் வந்தது. ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசலில் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி முன் ரெம்டெசிவிருக்காக மக்கள் இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். மே 21-ம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. தெருவுக்கு ஒரு சாவு என்ற நிலை வந்தபோது ஊசி மீதான பயத்தை நோயின் பயம் விழுங்கிவிட்டது.

அப்போது பார்த்து மருந்து இல்லை. மே 1 முதல் பதினெட்டு வயதைக் கடந்த எல்லோருக்கும் என்று அறிவித்தாயிற்று; ஆனால் மையங்களின் வாசலில் 'தடுப்பூசி இருப்பு இல்லை' என்ற அட்டை தொங்கியது. 3.5 கோடி டோஸ் வாங்க உலகளாவிய டெண்டர் விட்டது அப்போதுதான் பதவியேற்றிருந்த புதிய மாநில அரசு. ஒருவரும் வரவில்லை. கோவிஷீல்டின் இரண்டு தவணைக்கு இடையிலான கால அளவு, முதலில் நான்கிலிருந்து ஆறு வாரம் என்றிருந்து, மார்ச்சில் ஆறிலிருந்து எட்டாகி, மே 13-ல் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரமானது. இடைவெளி நீண்டால் பாதுகாப்பு கூடும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருந்தது. ஆனால் பற்றாக்குறை உச்சத்தில் இருக்கும்போது இதைச் சொன்னால், மருந்து இல்லாததால் நாளைத் தள்ளுகிறார்கள் என்றுதான் ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாள்களில் தமிழ்நாட்டிலேயே உருவான ஒரு சான்று இருக்கிறது. போதுமான அளவு அதை யாரும் ஊருக்குள் கொண்டுபோகவில்லை என்பது என் வருத்தம். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் மாநிலக் காவல்துறையின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. மொத்தம் 1,17,524 காவலர்கள். ஒரு தவணையும் போடாதவர்கள் 17,059 பேர். ஏப்ரல் 13 முதல் மே 14 வரை அவர்களில் 20 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் இறந்தவர்கள் 7. இரண்டும் போட்ட 67,673 பேரில் 4. இறப்பிலிருந்து இரண்டு தவணை தரும் பாதுகாப்பு 95 சதவீதம் என்று கணக்கு வந்தது. வயது, உடல்நிலை போன்ற வேறுபாடுகளை இந்தக் கணக்கு தனியே பிரிக்கவில்லை என்ற குறை உண்டு. ஆனாலும் இது எங்கோ வெளிநாட்டில் எடுத்த கணக்கில்லை. நம் தெருமுனையில் வெயிலில் நின்று லத்தியோடு ஊரடங்கைக் காத்தவர்களின் கணக்கு. இந்த எண்களை ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கறி

ஜூலையிலிருந்து மருந்து வரத்து சீரானது. செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க 40,000 இடங்களில் முதல் மெகா முகாம். இலக்கு 20 லட்சம், வந்தவர்கள் 28.91 லட்சம் பேர். வாரம்தோறும் முகாம் தொடர்ந்தது. பின்னர் ஒரு கட்டத்தில் வருவோர் எண்ணிக்கை குறைய, ஏன் என்று களப்பணியாளர்கள் விசாரித்தார்கள். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீடு எப்படி வரும்? அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன்.

அந்த ஆண்டில் எடுக்கப்பட்ட நிர்வாக முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம்பிக்கை தவறு என்று மேடை போட்டு வாதிட்டிருக்கலாம். அதற்குப் பதில் கிழமையை மாற்றினார்கள். குழம்பு அடுப்பில் இருந்தபடியே இருந்தது, ஊசியும் போட்டாயிற்று.

பரிசுகளும் வந்தன. சென்னையை அடுத்த கோவளத்தில் ஓர் அறக்கட்டளை ஜூன் மாதமே பிரியாணி, செல்போன் ரீசார்ஜ், குலுக்கலில் தங்க நாணயம் என்று அறிவித்து மீனவர் குடும்பங்களை அழைத்தது. கரூரில் குலுக்கல் பரிசாகக் கிரைண்டரும் மிக்ஸியும் கொடுத்தார்கள். நீலகிரியில், தடுப்பூசிச் சான்று காட்டினால்தான் டாஸ்மாக் கடையில் மது என்று ஆட்சியர் உத்தரவிட்டார். பரிசும் தடையும் கூட்டத்தைக் கூட்டியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பாதி மனம் வந்தவரைத்தான் அவை எழுப்பி நடக்கவைக்கின்றன. ஊசி போட்டால் இரண்டு ஆண்டில் செத்துப்போவோம் என்று மெய்யாகவே நம்பிய ஒருவருக்கு மிக்ஸி எதற்கு? பிரெஞ்சு நோபல் விஞ்ஞானி ஒருவர் அப்படிச் சொன்னதாக மே மாதம் பரவிய பொய்ச் செய்தியை நம்பியவர்கள் நகரங்களிலும் இருந்தார்கள்.

அதே நீலகிரியில் இன்னொன்றும் நடந்தது. தொடக்கத்தில் ஊசிக் குழு வருவதைக் கண்டு காட்டுக்குள் போய்விட்ட பழங்குடிக் குடும்பங்கள் உண்டு. இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் ஊர்களுக்கு அவர்கள் மொழி பேசும் ஆட்களையே முன்னால் அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர் முதலில் போட்டுக்கொண்டார். குழு உடனே கிளம்பிவிடாமல் மறுபடி மறுபடி வந்தது. ஜூன் முடிவதற்குள் தகுதியுள்ள பழங்குடி மக்களில் ஏறத்தாழ அனைவருக்கும் முதல் தவணை போட்டுவிட்டதாக மாவட்டம் அறிவித்தது. சென்னையின் படித்த குடியிருப்புகள் பல அப்போது அந்த நிலையை எட்டியிருக்கவில்லை.

ஊர் மனம் மாறியது இந்த வழியில்தான் என்று நான் நம்புகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கைவலி. மூன்றாம் நாள் அவர் நூறு நாள் வேலைக்குப் போவதைத் தெரு பார்க்கிறது. நாலாம் நாள் அவருடைய நாத்தனார் முகாமுக்குப் போகிறார். புதிய மருந்து பழகிய மருந்தாக மாற எடுத்த காலம் அதுதான். 2022 தொடக்கத்தில் தகுதியுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் தவணை போட்டிருந்தார்கள்.

இரண்டாவது அதிர்ச்சி

2024 ஏப்ரல் கடைசியில், பிரிட்டன் நீதிமன்றத்தில் அஸ்ட்ராஜெனகா தாக்கல் செய்த ஆவணம் ஒன்று செய்தியானது. மிக அரிதாகத் தங்கள் தடுப்பூசி ரத்த உறைவையும் தட்டணுக் குறைவையும் உண்டாக்கலாம் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. கோவிஷீல்டு போட்ட கோடிக்கணக்கானோர் மூன்றாண்டு கழித்துப் பதறினார்கள். ஜிம்மில் மயங்கி விழுந்தவர், கல்யாண வீட்டில் சரிந்தவர் என்று எல்லா மரணத்துக்கும் ஊசியைக் காரணமாக்கும் வீடியோக்கள் சுற்றின.

உண்மையில் அது புதிய செய்தி இல்லை. 2021 மே 17-ம் தேதியே ஒன்றிய சுகாதாரத் துறை, கோவிஷீல்டு போட்டவர்களில் பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவில் இத்தகைய ரத்த உறைவுப் பாதிப்பு பதிவாகியிருப்பதாக அறிக்கை விட்டது. ஊசி போட்ட இருபது நாளுக்குள் மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி, கை கால் வீக்கம் இருந்தால் உடனே வரவேண்டும் என்ற குறிப்பும் அதில் இருந்தது. அறிக்கை இருந்தது, ஊசி போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பெஞ்சுவரை அது வந்து சேரவில்லை. பாராசிட்டமால் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது அந்த நான்கு வரியையும் ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுத்திருந்தால், 2024-ல் மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்திருக்க மாட்டார்கள். ஆபத்தைச் சொன்னால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்பது அதிகாரிகளின் பழைய பயம். மறைத்தது பின்னால் தெரியவரும்போதுதான் ஜனங்கள் ஓடுகிறார்கள்.

அடுத்த ஊசி

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்கு அரசே போடும் என்று 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை அறிவித்து, 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்பட்ட ஊசி, ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்க வழி பிறந்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இந்த ஊசிக்கு ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குச் சோதனைத் திட்டமாக இதைப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, நீரில் மூழ்கியது போன்றவை காரணங்களாகக் கண்டறியப்பட்டன. தடுப்பூசியால் இறந்ததாக எதுவும் நிறுவப்படவில்லை. ஆனாலும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில் வெளிவந்த வேறொரு செய்தி நாட்டை அதிரவைத்தது: பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்த சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். அதன் பிறகு தேசிய அளவில் இந்த ஊசி பல ஆண்டுகள் தள்ளிப்போனது. அந்த ஆண்டுகளில் ஊசி கிடைத்திருக்க வேண்டிய பெண்களில் பலர் இன்று இருபதுகளில் இருப்பார்கள்.

தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் 14 வயதுப் பெண்கள் படிக்கிறார்கள். அந்தப் படிவம் தாயின் கைக்குத்தான் போக வேண்டும், எவ்வளவு தொலைவிலிருந்தாலும். அவர் கேட்கப்போகும் கேள்விகள் இப்போதே தெரியும். இவ்வளவு சின்ன வயதில் எதற்கு? பிள்ளை பெறுவதில் பிரச்சினை வருமா? பக்கத்து ஊர்ப் பிள்ளை மயங்கி விழுந்துச்சாமே? முதல் கேள்விக்கு, இந்தக் கிருமி உடலுறவால் பரவுகிறது, அது உடலுக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும் என்று கூச்சமில்லாமல் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, கருத்தரிப்பில் குறை எதுவும் காணப்படவில்லை என்று சொல்லலாம். மூன்றாவதற்கு, ஊசி பயத்தில் வளரிளம் பிள்ளைகள் மயங்குவது உண்டு, அதனால்தான் போட்டபின் கால் மணி நேரம் உட்கார வைக்கிறோம் என்பது பதில். இந்த மூன்றையும் சொல்ல வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். அவருக்கு அதற்கான நேரத்தையும், வீட்டுக்கு வீடு கொடுக்க ஒரு பக்கத் தமிழ்ச் சீட்டையும், ஊசிப் பெட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பே சுகாதாரத் துறை கொடுத்துவிட வேண்டும்.